தண்ணீர் இல்லாத ஏரி

ஆறாம் வகுப்பில் என் ஏரி ஒழுகிவிட்டது. பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையில் ரயில் பாதை செய்து, அதன் பக்கத்தில் நிஜத் தண்ணீரையே ஊற்றி வைத்திருந்தேன். அது பாதையை ஊறவைத்து, மேசையில் வழிந்து, பக்கத்துப் பையனின் எரிமலையையும் கரைத்தது. மறு வருடம் அறிவியல் டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "தண்ணி கிண்ணி கொண்டாந்த, வெளிய நிறுத்திடுவேன்."

அன்று எங்கள் ஊர் செஞ்சிக்கு ரயில் கிடையாது; இன்றும்தான். அதனால் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் விரும்பிய இடத்தில் ஸ்டேஷன் வைக்கும் உரிமை எனக்கு இருந்தது. ரயில் எனக்கு ஒரு சாக்கு. ஏரிக்கரைமேல் எதுவாவது போக வேண்டுமே.

வெள்ளைப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகும் என்று கவனித்திருந்தேன். ஆசையில் டப்பா முழுவதையும் புது ஏரியின் பள்ளத்தில் கவிழ்த்தேன். நான்கு நாளாகியும் வெளுப்பு போகவில்லை.

"ஏரியாடி இது, மோர்க்கொழம்பா?" என்றாள் அக்கா.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, நடுவில் கரும்பச்சையும் ஓரத்தில் சேற்று நிறமும் பூசினேன். அதன்மேல் நாளுக்கு ஒரு பூச்சு பசை, மெல்லியதாக. ஒவ்வொன்றையும் தேதி போட்டுக் குறித்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டாவது பூச்சில் சேறு ஆழத்தில் கிடப்பதுபோல் தெரிந்தது. ஈரம் காயுமுன் பழைய பல் பிரஷ்ஷால் தட்டி அலை எழுப்பினேன். காய்ந்ததும் மினுமினுப்புக்கு அக்காவின் நிறமில்லாத நகப்பூச்சு, அவளுக்குத் தெரியாமல்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. டீச்சர் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"இன்னாடி, மறுபடியும் தண்ணியா? சொன்னேன் இல்ல?"

புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, ஏரியில் விரலை வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். விரல் காய்ந்தே இருந்தது. எரிமலைக்காரன் குனிந்து முகர்ந்து பார்த்தான். பிறகு தொட்டுப் பார்க்க வரிசையே நின்றது. முதல் பரிசு எனக்கு.

அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, சென்னையில் வேலை. திங்கட்கிழமை விடியலில் பஸ்ஸில் திண்டிவனம் போய் ரயில் பிடித்தால், சனிக்கிழமைதான் வீடு. அன்று துணிப்பையோடு நேராகப் பள்ளிக்கே வந்தார். ஏரியை அவர் தொடவே இல்லை. ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில் ‘செஞ்சி’ என்று நான் எழுதியிருந்ததையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல இந்த வண்டி எத்தினி மணிக்கும்மா? சாயந்தரம் திரும்பிடுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வண்டிய விடு நைனா," என்றேன். "தண்ணியப் பாரு."