மேசையை விட்டு எழாத ஒரு மணி நேரம்

என் மருமகன் வால்தெமாரை எங்கள் பேட்டையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குருவி என்றால்தான் தெரியும். எங்கள் நாட்டுத் தலைநகர் மொந்தேவிதேயோவின் ஓரத்தில், குதிரைப் பந்தயத் திடலின் பின்சுவரை ஒட்டிய பேட்டை இது. பாதி வீடுகளில் பின்கட்டில் குதிரைகள் குடியிருக்கும்.

பதினைந்து வயதில், வடக்கே எல்லையோர ஊரிலிருந்து ஜாக்கி ஆக வந்தான். அப்பா இல்லாத பையன். பயிற்சியாளர் அபரீசியோ அவனைக் குதிரைமேல் ஏற்றுவதற்கு முன்னால் எடைத்தட்டில் ஏற்றினார். முள் கீழே நின்றால் தோளில் தட்டிக் கொடுப்பார். மேலே போனால் அன்று முழுக்க அவனோடு பேச மாட்டார். தோள் தட்டலுக்காக அந்தப் பையன் எதுவும் செய்வான் என்று அப்போதே லாயத்தில் சொல்வார்கள்.

எடை இறக்க ஜாக்கிகளுக்கு வழிகள் உண்டு. ரப்பர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது, நாள் முழுக்க மாத்தே கஷாயத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு இருப்பது, தின்றதை வாந்தி எடுப்பது. அவர்களுடைய அறையின் மூலையில் இருந்த கக்கூஸுக்கு இரண்டாவது சமையலறை என்று பெயர். இதை யாரும் நோய் என்று சொல்லவில்லை. கொத்தனாருக்குக் கை காய்த்திருப்பது மாதிரி, ஜாக்கிக்கு வாந்திப் புளிப்பில் பல் அரித்திருக்கும். அவ்வளவுதான்.

என் மகள் சுல்மா அவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாண விருந்தில் சுட்ட ஆட்டுக்கறியை எல்லாரோடும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டவன், உள்ளே போய்க் கண் சிவந்து திரும்பி வந்தான். "பாசக்காரப் பையன், அழுதுட்டு வர்றான் பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

பிறகு ஒரு வளைவில் பெண்குதிரை ஒன்று சறுக்கியதில் அவன் இடுப்பெலும்பு உடைந்தது. பந்தயம் முடிந்தது. அபரீசியோவின் லாயத்திலேயே குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலைக்குப் போனான். இனி எடைத்தட்டு இல்லை. ஓய்வுபெற்ற ஜாக்கிகள் எல்லாரும் வருஷத்துக்குள் தொப்பை போடுவார்கள். கறிக்கடையில் இவன் தொப்பைக்காகப் பந்தயமே கட்டினார்கள்.

தொப்பை வரவில்லை. பகலெல்லாம் பட்டினி கிடப்பான். திடீரென்று ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்த குழம்பு முழுவதையும் நின்றபடியே வழித்துத் தின்பான். பிறகு குளியலறையில் குழாய் ஓடும். நெடுநேரம் ஓடும். கன்னம் இரண்டும் பொன்னுக்கு வீங்கி வந்தது போல உப்பின. விரல் முட்டியில் பல் பதிந்த தழும்பு. கேட்டால் வயிற்றுக் கோளாறு என்பான், முகத்தைப் பார்த்தே சொல்வான்.

ஒரு காலையில் வாளியோடு குதிரையின் காலடியில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்றார்கள். சாப்பிட்ட பிறகு என்ன செய்வார் என்று டாக்டரம்மா கேட்டபோது, சுல்மா குழாய்ச் சத்தத்தைச் சொல்லிவிட்டாள்.

நான் விடவில்லை. "பந்தயத்தை விட்டுத்தான் ரெண்டு வருஷமாச்சே, டாக்டரம்மா. இப்ப எதுக்கு?"

அவர் நிதானமாகச் சொன்னார். பட்டினி போட்ட உடம்பு ஒருநாள் வெறிபிடித்துத் தின்னுமாம். தின்றதும் பயம் வருமாம். வாந்தி எடுத்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, பிறகு வெட்கம், மறுபடி பட்டினி. யாரும் தள்ளாமலே சுற்றுகிற சக்கரம் மாதிரியாம். இன்னொரு முறை பட்டினி போட்டு எடையை இறக்கினால் இதயம் நின்றுபோகலாம் என்றும் சொன்னார். யார் செய்த வேலை இது, அபரீசியோதானே என்று கேட்டேன். அவரிடம் வளர்ந்த பையன்கள் எல்லாருக்கும் இது வரவில்லையே என்றார். இவன் சுபாவம், பிறவி உடம்புவாகு, தொழில், பாராட்டுக்கு ஏங்கியது, எல்லாம் கலந்தது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அபரீசியோவுக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் இன்றும் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் இதே நோய் உள்ளவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். எல்லாம் பள்ளிக்கூடப் பெண்கள். முதல் நாள் ஒருத்தி, "அங்கிள், நீங்க யாரோட அப்பா?" என்று கேட்டாளாம். "நானும் பேஷன்ட்டுதாம்மா" என்றானாம் இவன். அங்கே எடை பார்க்கும்போது முள்ளுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். எண்ணைச் சொல்ல மாட்டார்கள். அதுதான் அவனுக்குப் பெரிய சித்திரவதையாக இருந்தது.

வீட்டில் நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் மேசையை விட்டு எழக்கூடாது, துணைக்கு ஒரு ஆள் வேண்டும். சுல்மா சலவைக்கடைக்குப் போகிறவள், ஆகவே நான். திட்டக்கூடாது, 'இன்னும் கொஞ்சம் சாப்பிடு' என்று வற்புறுத்தக்கூடாது, உடம்பைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. பிறகு எதைத்தான் பேசுவது? சீட்டை எடுத்தேன். எங்கள் ஊர் ட்ரூக்கோ ஆட்டத்தில் கையில் நல்ல சீட்டு ஒன்றும் இல்லாதவன், எல்லாம் இருப்பதுபோல் பேசவேண்டும். என் மருமகன் அதில் தோற்றதே இல்லை.

கால் ஆடத் தொடங்கும். கண் குளியலறைக் கதவுக்குப் போகும். "பாதி ஆட்டத்துல எந்திரிச்சா தோத்த கணக்கு, மாப்ளே" என்பேன். சில நாள் எழுந்து போய்விடுவான், குழாய் ஓடும். டாக்டரம்மாவிடம் சொன்னால், மறைக்காமல் சொன்னதே நல்லது, அடுத்த வேளைச் சாப்பாட்டிலிருந்து தொடருங்கள் என்பார்.

ஒரு இருபத்தொன்பதாம் தேதி. மாதாமாதம் அந்தத் தேதியில் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நோக்கிதான், உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து வேகவைத்த உருண்டை. சாப்பிட்டு முடித்துச் சீட்டு போட்டுக்கொண்டிருந்தபோது அபரீசியோ வந்தார். இடுப்பெலும்பு ஒட்டிவிட்டது, உரிமம் வாங்கிவிடலாம், கார்னிவல் திருவிழா முடிந்த ஞாயிறு ஒரு சின்னப் பெண்குதிரை ஓடுகிறது, குதிரையின் சொந்தக்காரர் குருவியைத்தான் கேட்கிறார் என்றார்.

"மூணு கிலோ எறக்கினா போதும்டா. உனக்கு அதெல்லாம் ஒரு வேலையா?" என்று தோளில் தட்டினார்.

வால்தெமாரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு நாக்கு நுனியில் வார்த்தை நின்றது. திட்டக்கூடாது என்பது அபரீசியோவுக்குப் பொருந்தாது என்றுதான் நினைத்தேன். ஆனால் மருமகன் சீட்டாட்டத்தில் கூட்டாளிக்குச் சைகை செய்வதுபோல, இப்போது வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். கையிலிருந்த சீட்டை அடுக்கினேன். அவன் கால் ஆடியது. குளியலறைக் கதவைப் பார்த்தான்.

"முதலாளி, இன்னும் அரைமணி நேரம் நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாது" என்றான். "எந்திரிச்சா தின்னத வாந்தி எடுத்துருவேன். பந்தயத்தை விட்டும் நிக்கல. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அந்தக் குதிரைய நான் ஓட்டல."

"நம்ம எல்லாருந்தானடா எடுத்தோம்."

"ஆமா. நீங்க நிறுத்திட்டீங்களா?"

அபரீசியோவும் ஒரு காலத்தில் ஜாக்கி. வாயில் இருப்பது முழுக்கக் கட்டுப்பல். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார். வந்தவரைச் சும்மா அனுப்பிப் பழக்கமில்லாததால் அவர் முன்னாலும் ஒரு தட்டை வைத்தேன். குனிந்தபடி சாப்பிட்டார். முடித்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையலம்ப எந்தப் பக்கம் என்று கேட்டார்.

வால்தெமார் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்புறம் அலம்பலாம், முதலாளி. அத்தை, மூணு பேருக்குச் சீட்டு போடுங்க."

போட்டேன். அந்தப் பெண்குதிரையை வேறு பையன் ஓட்டினான். அபரீசியோ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களோடு சாப்பிடுகிறார், ஆட்டத்தில் அநியாயமாக ஏமாற்றுகிறார். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் மட்டும் காது கேட்காது. மருமகனுக்கு இன்னமும் சில நாட்களில் குழாய் ஓடத்தான் செய்கிறது. செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லிவிட்டு, முள்ளுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு வருகிறான்.