மச்சாளின் மரப்பாலம்

விம்பிள்டனில் இருக்கிற மச்சாள் தன் மகள் பெரியவளானதற்குச் செய்த சாமத்தியவீட்டு அல்பத்தை விரித்துக் காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. சுவிஸ் கிராமமொன்றின் பழைய மரப்பாலம், மேலே கூரை, அதற்குள் பட்டுச்சேலையில் பளிச்சென்று பிள்ளை.

அடுத்ததாக என் மகளுக்கும் சாமத்தியவீடு வந்தது. படம் எடுக்க ஸ்ட்ரெதமில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவே போதும் என்றார் கணவர். நான் கேட்கவில்லை. கமராக்காரரையும் கூட்டிக்கொண்டு அதே பாலத்தைத் தேடிச் சுவிசுக்குப் பறந்தோம்.

பாலத்துக்குள் ஒரே இருட்டு. மரம் மழையில் நனையாமல் இருக்கப் போட்ட கூரை, வெயிலையும் உள்ளே விடவில்லை.

"அம்மா, பலகைக்குக் கீழ ஆறு ஓடுற சத்தம் கேக்குதா?" என்றாள் மகள்.

"பேசாமல் கமராவைப் பார்த்துச் சிரி" என்றேன்.

ஒரு படமும் சரிவரவில்லை. திரும்பி வந்ததும் மச்சாளிடம் கேட்டேன். "உங்கட படத்தில மட்டும் எப்பிடி மச்சாள் அவ்வளவு வெளிச்சம்?"

"நாங்கள் எங்க சுவிசுக்குப் போனனாங்கள்? இஞ்ச பக்கத்தில குரோய்டன் ஸ்டூடியோவில நிண்டு எடுத்தது. பாலத்தை அவங்கள் பிறகு கொம்பியூட்டரில பின்னால போட்டவங்கள்."

அந்தப் பாலத்தில் உண்மையாகவே நின்றவர்கள் நாங்கள்தான். மகள் இன்னும் அந்த ஆற்றுச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. மச்சாளின் அல்பத்தைக் கண்டால் மட்டும் இப்போதும் எரிகிறது.