வாப்பாவின் ஐஸ்பெட்டியில் கடல்மணல்

எங்கள் வீட்டில் உறைந்தது எதுவானாலும், ஐஸுக்கு இந்தியில் சொல்கிற பரஃப்தான். எங்கள் தீவின் ஜங்லிகாட்டில் மீன்கடை வைத்திருக்கும் வாப்பாவுக்கு வேறு சொல் தேவைப்பட்டதில்லை. என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டபோது நானும், "கடலடி மணலுக்குள்ள ஒரு பரஃப் இருக்கு வாப்பா, அதுக்குள்ள கேஸ் அடைஞ்சு கிடக்கு" என்றே சொல்லிவைத்தேன்.

மணலுக்கு நடுவே பொடிப்பொடியாக இடைவெளிகள். கடலடித் தண்ணீரும் வாயுவும் அவற்றின் வழியாகத்தான் ஊர்ந்து போகும். ஹைட்ரேட் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பரஃப் மணல்துகள் மேல் மெல்லிசாகப் படிந்தால் தண்ணீர் எப்படியோ நுழைந்து போய்விடும். இடைவெளிக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டால் போச்சு, தேத்தண்ணி வடிகட்டியில் நெய் உறைந்த கதைதான். நம் கடலில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது? அதுதான் என் கேள்வி. அதற்கென்று எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மண்துண்டு, திரவ நைட்ரஜன் குடுவையில்.

மெயின்லேண்ட் ஆய்வகத்துக்கு அதைக் கொண்டுபோகவேண்டிய ஷிப் மழையால் கேன்சல். குடுவையை வீட்டில் வைத்தேன். நைட்ரஜன் குறைந்துகொண்டே வந்தது. டாலிகஞ்ச் பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்களிடம் கிடைக்கும், விந்தை அதில்தான் உறையவைக்கிறார்கள் என்றார்கள். கிளம்பும்போது போனில் பெங்காலித் தோழியிடம், பரஃப் உருகினால் எல்லாம் கதம் என்று இந்தியில் கத்தினேன். வாப்பா காதில் விழுந்திருக்கிறது.

அலைந்து திரும்ப மாலையாகிவிட்டது. குடுவைக்குள் துண்டைக் காணோம். வாப்பா அதைக் கம்பியால் தூக்கி, கடையிலிருந்த நல்ல பெட்டியில், பொடித்த ஐஸுக்குள் புதைத்து, சாக்கு போர்த்தி வைத்திருந்தார்.

"குடுவையில புகையாப் போய்க்கிட்டே இருந்துச்சும்மா. பயந்துட்டேன். இப்பப் பாரு, ஒரு சொட்டு உருகலை!"

அவர் ஐஸ் உருகவில்லைதான். நைட்ரஜனில் கிடந்த ஹைட்ரேட்டுக்கு அந்தக் குளிர் எம்மாத்திரம்? கடலடியின் அழுத்தமும் இல்லை. மண் உஸ் உஸ்ஸென்று வாயுவைக் கக்கி நெகிழ்ந்துகொண்டிருந்தது. அல்லாவே! கத்த வாயெடுத்தேன். ஐஸை அள்ளி அள்ளி அவர் விரல்கள் விறைத்துச் சிவந்திருந்தன.

"சரியாத்தான் இருக்கு வாப்பா" என்றேன்.

ஆய்வகத்திலேயே உண்டாக்கிய ஹைட்ரேட்டை வைத்துப் பட்டம் வாங்கிவிட்டேன். வாங்கி என்ன? கடல் அதை எங்கே வைத்திருந்தது என்று தெரியாமலே போய்விட்டது. நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

வாப்பாவோ மீன் வாங்க வருகிற ஒருத்தரையும் விடுவதில்லை. "எம்பொண்ணு டாக்டர் பட்டத்தையே காப்பாத்துனது நம்ம பரஃப்தான்" என்பார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவார். ஆமாம் என்று தலையாட்டுவேன்.