முட்டிப் பார்ப்பவர்

கணினித் திரையில் ஒரு வீரனைச் சுவரில் முட்டவிட்டுக்கொண்டிருக்கிறார் சுவரக்கா. கையில் வாள், முதுகில் கேடயம், மார்பில் கவசம், இத்தனை அலங்காரத்தோடும் அந்த மாவீரன் கோட்டைச் சுவரில் தலையைக் கொடுத்துவிட்டுக் கால்களை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஓரடிகூட நகரவில்லை. அக்கா அவனைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி முட்டுகிறார். பிறகு வலப்பக்கம். பிறகு முதுகால். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயில் ஒரு பேனா மூடியைக் கடித்தபடி, “எங்கடா ஓட்டை வச்சிருக்கீங்க? எங்கயாவது வச்சிருப்பீங்களே” என்று சுவரையே விசாரிக்கிறார். சற்று நேரத்தில் வீரனின் வலது தோள் கல்லுக்குள் இறங்குகிறது. அடுத்த நொடி அவன் முழுசாகச் சுவருக்குள் புகுந்து, கோட்டைக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிற வெறுமையில் கைகால்களை விரித்தபடி விழுந்துகொண்டே இருக்கிறான். “போயிட்டு வா ராஜா” என்று வழியனுப்பிவிட்டு, பேனா மூடியை எடுத்து வைத்துவிட்டுக் குறிப்பு எழுத ஆரம்பிக்கிறார்.

இதற்குக் கேம் சோதனை என்று பெயர். ஒரு கேம் மக்கள் கைக்குப் போவதற்கு முன்னால் அதில் இருக்கும் கோளாறுகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வெளியில் சொன்னால், “ஆபீஸ்ல உக்காந்து கேம் ஆடறதுக்குச் சம்பளமா?” என்று கண்ணை விரிப்பார்கள். அக்காவுக்கு அது பழகிவிட்டது. “நீங்க வீட்டுக்குள்ள போய் உக்காந்து பேசுவீங்க. நான் ஒவ்வொரு கதவா ஆட்டிப் பாத்துட்டு வாசலோட வந்துடுவேன். ரெண்டும் ஒண்ணா?” என்பார். கேமின் கதை எப்படி முடிகிறது என்று இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. ஆனால் எந்தப் படிக்கட்டில் குதித்தால் கால் சிக்கும், எந்தப் பீப்பாய்மேல் ஏறினால் அந்தரத்தில் நடக்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. அலுவலகத்தில் சுவரக்கா என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலரே விழிப்பார்.

கணினிக்குள் இருக்கும் உலகத்தின் மேல் அவருக்கு ஒருவித இரக்கம் உண்டு. “பாவம், அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு இடத்துல ரெண்டு பொருள் இருக்கக் கூடாது. தப்பித் தவறி இருந்துட்டா என்ன பண்றதுன்னு தெரியாது. பதறிப்போய் ரெண்டையும் தூக்கி எறிஞ்சிடும்.” அதனால்தான் ஒரு கிண்ணம் மேசைக்குள் மயிரிழை அளவு புதைந்துவிட்டால், அந்த மேசை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. இந்த உலகத்தின் விதிகளை எழுதுகிற இளைஞனுக்குப் புவியீர்ப்பு என்று பெயர் வைத்ததும் அக்காதான். “நீ தங்கமான பையன் புவி. உன் உலகம்தான் சரியில்ல” என்று வாரத்துக்கு ஒரு முறையாவது அவன் தோளில் தட்டிச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நேரத்தில் அக்காவின் கட்டைவிரல் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. வீரனைக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் விட்டால் அவன் தானாகவே கொட்டாவி விடுவான். முதுகைச் சொறிந்துகொள்வான். உயிருள்ள ஆள்போலத் தெரியட்டும் என்று யாரோ ஆசை ஆசையாகச் செய்து வைத்த வேலை அது. அக்காவுக்கு அது ஆகாது. “சும்மா நிக்கத் தெரியாத பய. கொஞ்சம் அசந்தா மானத்த வாங்கிடுவான்” என்று அவனை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்.

வேலையை வாசலில் கழற்றிவிட்டு வரத் தெரியாத மனுஷி. கடையில் நாற்காலி வாங்கப் போனால் அதை நாலு பக்கமும் ஆட்டி, சாய்த்து, ஓரத்தில் உட்கார்ந்து, கடைக்காரர் முகம் சுருங்கும்வரை விடமாட்டார். லிஃப்டில் கதவை மூடும் பொத்தானும் திறக்கும் பொத்தானும் ஒன்றாக அமுங்கினால் எது ஜெயிக்கும் என்று அழுத்திப் பார்த்து, மேலே போக வேண்டிய கூட்டத்தையே ஒரு முறை நடுமாடியில் நிறுத்தியிருக்கிறார். பேரங்காடியின் தானியங்கிக் கதவு ஏனோ அவருடைய மாமியாருக்கு மட்டும் திறப்பதில்லை. “நான் ஒருத்தி நிக்கிறது அதுக்குத் தெரியலையா?” என்று மாமியார் கோபிப்பார். “நீங்க மெதுவா வர்றீங்க அத்தை. கைய வீசி வாங்க, சண்டைக்கு வர்ற மாதிரி வாங்க” என்று மருமகள் சொல்லிக்கொடுத்தார். இப்போது அந்த அம்மாள் கதவை நோக்கிப் பாய்கிற வேகத்தில் உள்ளே இருப்பவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். “இவளோட வெளிய கிளம்பினா எதாவது ஒண்ணு நின்னுபோகும், இல்ல பறக்கும்” என்பது வீட்டுக்காரரின் அனுபவ மொழி.

ஆனால் சுவரக்காவின் உண்மையான புகழ் இதிலெல்லாம் இல்லை. கோளாறுகளில் சிரிப்பு வருகிறவற்றை அவர் சின்ன வீடியோவாக வெட்டி, கீழே ஒரு வரி போட்டு அலுவலகக் குரூப்பில் விடுவார். குதிரையொன்று ஏணியில் ஏறி உச்சியில் நின்று நடுங்குகிறது. வரி: “ப்ரமோஷன் கெடச்சாச்சு. எறங்கறது எப்படின்னு யாராச்சும் சொல்லுங்க.” அவ்வளவுதான், மாடி முழுக்கச் சிரிப்பு பரவும். இதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு. மறைக்கவும் மாட்டார். “விழுந்தா சிரிப்பு வராது. பக்கத்துல இருக்கறவன் எதுவுமே நடக்காத மாதிரி பேசிட்டே இருக்கணும். அங்கதான் சிரிப்பு இருக்கு” என்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் விளக்குவார்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் பாடை வீடியோ. கேமில் ஓர் ஊர்த்தலைவர் இறந்துபோகிறார். அவரைப் பாடையில் கிடத்தியிருக்கிறார்கள். ஊரே தலைகுனிந்து நிற்கிறது. பின்னால் ஒரு பெண்குரல், சொல் இல்லாமல், வெறும் ராகமாக அழுது பாடுகிறது. விளையாடுகிறவர் அங்கே போய் மரியாதையாக நிற்பார் என்று எழுதியவர்கள் நினைத்திருந்தார்கள். அக்கா போய் முட்டினார். பாடையும் பிணமும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்தன. பெரியவர் ஒரு முறை சிலிர்த்தார், இரண்டு முறை குலுங்கினார், பிறகு கைகளைக் கட்டியபடியே நேராக வானத்துக்குப் போய் மேகத்துக்குள் மறைந்தார். ஊர் அசையவில்லை. வெறும் பாடையைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றது. அந்தக் குரலும் விடாமல் அழுதது. அக்கா எழுதினார்: “சொர்க்கத்துக்கு நேரடி பஸ். நடுவுல எங்கயும் நிக்காது.”

மாடியே கண்ணில் நீர் வரச் சிரித்தது. விளம்பரப் பிரிவின் தலைவர் தன் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “மேடம், இது தங்கம்! நாளைக்குச் சாயங்காலம் கம்பெனியோட இணையப் பக்கத்துல போடறோம். உங்க வரிய அப்படியே போடறோம். உலகம் பூரா பாக்கட்டும்.” கோளாறைச் சரிசெய்யவும் அவசரமில்லை, கேம் வந்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கட்டும், அதற்காகவே வாங்குவார்கள் என்றார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருஷம் ஒரே மாடிக்குள் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய நகைச்சுவை முதல் தடவையாக வெளியே போகப்போகிறது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, “நாளைக்கு எல்லாரும் ஆறு மணிக்குப் போனைக் கையில வச்சிருங்க” என்று உத்தரவே போட்டுவிட்டார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு அறைத் தொட்டியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேமுக்கு ஒலி சேர்க்கிற தம்பி தன் டப்பாவைக் கழுவப் பக்கத்தில் வந்து நின்றார். அதிகம் பேசாத ஆள். எந்நேரமும் கழுத்தில் ஹெட்போன் தொங்கும்.

“அக்கா, வீடியோ பாத்தேன். நல்லா இருந்துச்சு.”

“சிரிச்சியா, இல்லையா? அத சொல்லு.”

“சிரிச்சேன்.” குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைத் துடைக்க இடம் தேடினார். “எங்கம்மாக்கு மட்டும் யாரும் அனுப்பிடக் கூடாது. அதான் என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன்.”

“உங்கம்மாவுக்கு யாரு, எதுக்கு அனுப்பப் போறாங்க?”

“அந்தப் பாட்டு அவங்க பாடினது, அக்கா.”

அக்காவின் கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. தம்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வெளியாளைக் கூப்பிட்டுப் பாடவைத்ததெல்லாம் நடிப்பாக இருந்ததாம். வீட்டில் யதேச்சையாகச் சொன்னபோது, “நான் பாடறேன், புடிச்சுக்கோ” என்று அம்மா சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். இரைச்சல் விழக் கூடாதென்று ஃபிரிட்ஜை அணைத்து வைத்தார்கள். அன்றைக்குப் பால் திரிந்துபோனது. அம்மா பாடியது, அப்பா இறந்த அன்று தன்னையறியாமல் பாடிய அதே ராகம். அதற்குப் பிறகு இந்தப் பதிவுவரை அதை அவர் பாடியதில்லை. இப்போது குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், தன் குரல் ஒரு கேமில் வருகிறது என்று. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கம்பெனியின் பக்கத்தைத் தினமும் பார்க்கிறார்கள்.

“தடுக்கச் சொல்லலக்கா. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நீங்களும்.” சொல்லிவிட்டு டப்பாவை உதறிக்கொண்டு போய்விட்டார்.

சுவர், கதவு, நாற்காலி என்று எதையும் ஆட்டிப் பார்க்காமல் விடாத சுவரக்கா, அந்தக் குரலை அத்தனை முறை கேட்டும் அது யாருடையது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆறு மணிக்கு உலகம் பூராவும் சிரிக்கும். அந்த அம்மாளும் பார்ப்பார். வரியை வேறு இவர்தான் எழுதியிருக்கிறார். நுரையைக் கழுவினார், முகத்தையும் சேர்த்துக் கழுவினார், தன் கணினியில் சற்று நேரம் எதையோ வெட்டி ஒட்டிவிட்டு, விளம்பரப் பிரிவு இருக்கும் மூன்றாவது மாடிக்குப் போனார்.

விளம்பரத் தலைவர் கெட்டவர் இல்லை. பயந்தவரும் இல்லை. “யார் மனசும் புண்படக் கூடாதுன்னு முன்னாடியே எல்லாம் பாத்தாச்சு மேடம். கலாசார ஆலோசகர் ஒவ்வொண்ணா பாத்து ஓகே சொல்லிட்டாரு. அந்த உடை எந்த நாட்டோடதும் இல்ல, சின்னம் எந்த மதத்தோடதும் இல்ல. எல்லாமே கற்பனை.”

“சட்டை கற்பனைதான் சார். அழுகை கற்பனை இல்ல. நம்ம ஒலித் தம்பியோட அம்மா, அவங்க வீட்டுக்காரருக்கு அழுதது அது.”

தலைவர் விடவில்லை. “அப்ப ஒண்ணு பண்ணலாம். பாட்டத் தூக்கிட்டு ஜாலியா ஒரு மியூசிக் போட்டுடலாம். முடிஞ்சது.”

இதைத்தான் அக்கா எதிர்பார்த்துப் போயிருந்தார். “போட்டே கொண்டாந்திருக்கேன். பாருங்க.” அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பெரிய திரையில் மேளதாளத்தோடு பெரியவர் வானத்துக்குப் போனார். ஒருவர் இருமினார். இன்னொருவர் தன் போனைப் பார்த்தார். தலைவர் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் பெரியவர் போனார், யாரும் சிரிக்கவில்லை.

“சிரிப்பு பறக்கறதுல இல்ல சார். கீழ ஒருத்தங்க அழறாங்கள்ல, அதுல இருக்கு. அத எடுத்துட்டா உங்ககிட்ட வீடியோ கிடையாது. அத வச்சுக்கிட்டா, அந்தம்மா அழறதப் பாத்து ஊரே சிரிக்குது. இது நான் வெட்டின வீடியோ, நான் எழுதின வரி. எனக்கு வேண்டாம்.”

“ஆறு மணிக்கு நான் என்னத்தப் போடறது?” என்றார் அவர், பரிதாபமாக.

அக்கா கையோடு இன்னொன்றும் கொண்டுபோயிருந்தார். சிம்மாசனத்தில் ஒரு கழுதை கால்மேல் கால் போட்டதுபோல் சிக்கிக்கொண்டிருக்கிறது. எதிரே மந்திரி குனிந்து வணங்கி, நாட்டு நிலவரத்தை விளக்கிக்கொண்டே இருக்கிறார். வரி: “மேனேஜர் லீவு.” தலைவர் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

கீழே வந்ததும் பாடைக் கோளாறை முதல் தரத்துக்கு ஏற்றினார். அவர் கணக்கில் கோளாறுகள் மூன்று வகை. கேமையே நிறுத்துவது முதல் தரம், எரிச்சலூட்டுவது இரண்டாவது, வெறும் சிரிப்பு மூன்றாவது. மூன்றாவதில் கிடந்தது திடீரென்று பட்டியலின் தலையில் வந்து நிற்பதைப் பார்த்துப் புவியீர்ப்பு ஓடி வந்தான்.

“அக்கா, இதனால கேம் நிக்கலையே? எப்படி முதல் தரம்?”

“நான் நின்னுட்டேன்ல? சரி பண்ணு.”

இரண்டு நாளில் சரிசெய்துவிட்டான். பாடையையும் பிணத்தையும் ஒரே பொருளாக ஆக்கிவிட்டேன், இனி ஒன்றையொன்று தள்ளாது என்றான். சோதித்துப் பார்க்க வேண்டியது அக்கா. பின்னால் கூட்டம் கூடியது, பெரியவர் இன்னொரு தடவை கிளம்புவாரா என்ற நப்பாசையில். ஒலித் தம்பியும் எல்லோருக்கும் பின்னால் வந்து நின்றார். அக்கா தாட்சண்யமே பார்க்கவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் வீரனைத் தலைமாட்டில் முட்டவிட்டார், கால்மாட்டில் முட்டவிட்டார், ஓடிவந்து முட்டவிட்டார், பாடைமேலேயே ஏறிக் குதிக்கவிட்டார். பெரியவர் அசையவில்லை. “அவ்வளவுதான், போங்க எல்லாரும்” என்றதும் கூட்டம் கலைந்தது. புவியீர்ப்பு நிம்மதியாக மூச்சுவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். தம்பி மட்டும் போகவில்லை.

பாட்டு இன்னும் பாதிதான் ஆகியிருந்தது. அக்கா வீரனைக் கீழே இறக்கி, ஊராரோடு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். குறிப்பு எழுதவில்லை, கன்ட்ரோலரைக் கீழே வைக்கவும் இல்லை. அந்த அம்மாள் பாடிக்கொண்டிருந்தார். வீரனின் தாடை லேசாகத் திறக்கும்போதெல்லாம் அக்காவின் கட்டைவிரல் மெல்ல ஒரு தொடு தொட்டது, ஓரடி எடுத்து வைக்கவும் போதாத தொடல். அவன் வாயை மூடிக்கொண்டு நேராக நின்றான். பாட்டு முடிகிறவரை அவனை ஒரு கொட்டாவிகூட விட அவர் விடவில்லை.