அண்ணாச்சி விற்ற நாற்பதாயிரம் பங்கு

பங்கு விற்றுக் கொடுப்பது, விற்கிறவரும் வாங்குகிறவரும் முகம் பார்த்துக்கொள்ளாத தொழில். திட்டு மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு நேரிலேயே வந்துவிடும். அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறையில், இரண்டு கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறேன். கல்லா போட்டு உட்கார்ந்து மனிதர்களிடம் மாட்டிக்கொண்டவர் யாருக்கும் என் பாடு புரியும்.

வத்தல் மூடை

சுந்தரம் அண்ணாச்சி பாத்திரக்கடைக்காரர். சின்ன பைப் கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்கில் சேர்த்த நாற்பதாயிரம் பங்கு வைத்திருந்தார். கடைக் கட்டடம் அவருக்கும் தம்பிக்கும் பொது. தம்பி தன் பாதியை வெளியாளுக்கு விற்கப் போவதாகச் சொல்லி, அதை வாங்கிக்கொள்ள மாசக் கடைசி வரை அண்ணனுக்குத் தவணை கொடுத்திருந்தார். பங்கு விற்றுப் பணம் வந்தால்தான் கடை கையில் நிற்கும்.

அந்தப் பங்கு ஒரு நாளைக்கு நாலாயிரம், ஐயாயிரம் கைமாறினாலே பெரிசு. மொத்தத்தையும் ஒன்றாகப் போட்டால் விலை படுத்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக விற்போம், வெளியே மூச்சு விடாதீர்கள் என்றேன். அண்ணாச்சிக்குச் சட்டென்று பிடிபட்டது. "அம்புட்டு மொளகா வத்தல் மூடையையும் ஒரே நாள்ல கமிஷன் கடையில எறக்குறவன் கிறுக்கன்ல தாயி!"

யாருக்குப் போச்சு?

முதல் நாள் இரண்டாயிரம் நல்ல விலைக்குப் போனது. எனக்குச் சந்தோஷம். அண்ணாச்சி முகம் மட்டும் தெளியவில்லை. வாங்கியது யார் என்றார். தெரியாது என்றேன். எந்த ஊர்? அதுவும் தெரியாது.

"ஒரு செம்பு வித்தாலே யாரு வீட்டு விசேஷத்துக்குன்னு கேட்டுக் குடுக்குற ஆளு நான். ஆளு தெரியாம எப்படித் தாயி குடுக்குறது?"

அடுத்த வரப்பு

ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் சந்தை திறந்ததும் விலை, ஒரே நாளில் இதற்குமேல் இறங்கக் கூடாது என்று சந்தை வைத்திருக்கிற அடிமட்டத்துக்கு விழுந்து நின்றது. விற்க நீள வரிசை, வாங்க ஆளில்லை. விற்கச் சொல்லி எனக்கும் போன் மேல் போன். உரக்கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர் என்று எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்து அதே பங்கை வாங்கியவர்கள். தான் விற்பதாக அவர்களிடம் சொன்னதே அண்ணாச்சிதான்! கடை கடையாக ஏறிச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மரியாதையைக்கூட மறந்து கத்திவிட்டேன். அவர் குரல் உயரவில்லை. "நெலத்த விக்கிறப்ப அடுத்த வரப்புக்காரனுக்குச் சொல்லாம விப்பாகளா? என்னைய நம்பி வாங்குனவுக தாயி. நான் மட்டும் நைசா வெளிய வந்துட்டு, நாளைக்கு அவுக மூஞ்சியில எப்படி முழிக்க?"

பந்தல்குடி பாய்

மறுநாளும் அதே கதை. மாசக் கடைசி நெருங்கியது. மூன்றாம் நாள் சந்தை திறந்ததுமே அண்ணாச்சியின் மிச்சத்தை வரிசையில் முதலில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தேன்.

அப்போது மாடியேறி வந்தார் ஜமால் பாய். வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பி, பந்தல்குடியில் டைல்ஸ் கடை போட்டிருப்பவர். அண்ணாச்சி சேதி சொன்னவர்களில் இவரும் ஒருவர். இவரும் விற்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ அதே பங்கை, கையிலிருக்கும் பணத்துக்கு எத்தனை வருமோ அத்தனையும் வாங்கச் சொன்னார். வரிசையில் முன்னால் நின்ற அண்ணாச்சி பங்கு முழுக்க நகர்ந்தது.

எல்லாரும் ஓடும்போது நீங்கள் மட்டும் ஏன் என்று கேட்டேன். "கம்பெனியில கோளாறுன்னா சத்தமில்லாம வித்திருப்பாருல்ல? ஊரு பூராச் சொல்லிட்டு விக்கிறாருன்னா, அவருக்குத்தான் ஏதோ பணமுடை."

விலை ஏறிய பிறகு

நினைத்ததைவிடக் குறைவாகத்தான் அண்ணாச்சிக்குக் கிடைத்தது. வீட்டு நகையை அடகு வைத்து மீதியைக் கட்டினார். கடை கைவிட்டுப் போகாமல் நின்றது. அடுத்த மாசமே பங்கு பழைய விலையைத் தாண்டிவிட்டது. வேறு யாராவது சொன்னால் நொந்துபோவாரே என்று நானே கடைக்குப் போய்ச் சொன்னேன்.

அண்ணாச்சி ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "போனாப் போகுது தாயி. இந்தத் தடவ யாருக்குப் போச்சுன்னு தெரியுதுல்ல."

சொல்லாமல் விற்றால் நல்ல விலை, சொல்லி விற்றால் நல்ல தூக்கம், எப்படி விற்றாலும் எனக்கு அதே சில்லறைக் கமிஷன்தான்.