சிவகாசி மேல் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் ஊரில் தீபாவளியன்று வெடிச் சத்தம் குறைவு என்றால் சென்னைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். மாதக்கணக்கில் ஓடி ஓடிச் சரக்கை லாரி ஏற்றி அனுப்பிய ஊர், பண்டிகை வந்ததும் காலை நீட்டிப் படுத்துவிடும். பிள்ளைகள் ஏதோ கொஞ்சம் கொளுத்தும். பெரியவர்கள் வேன் பிடித்துக் குற்றாலம் போய்விடுவார்கள். அச்சங்குளம் பக்கம் பட்டாசு கம்பெனி நடத்தும் என் அக்காவும் அத்தானும் அப்படித்தான். மத்தாப்பைக் கண்டாலே அக்காவுக்குக் கொட்டாவி வரும்.

நான் மட்டும் தொழிலுக்குள் போகாமல் சென்னையில் காற்றுமண்டல ஆய்வு அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் மாடல் என்பது ஒரு பெரிய கம்ப்யூட்டர் கணக்கு. எந்த ஊர் வானத்தில் எவ்வளவு ஓசோன் இருக்கும் என்று அது கணித்துச் சொல்லும். செயற்கைக்கோள் மேலேயிருந்து அளந்து சொல்லும். அளந்ததைக் கொண்டு கணித்ததைத் திருத்துவது என் வேலை. ஓசோன் உயரத்தில் இருந்தால் நமக்குக் குடை. புகையும் வெயிலும் சேர்ந்து கீழே உண்டாக்கினால் மூச்சுக்கு ஆகாது.

ஒரு தீபாவளிக்குப் பிறகு மாடல் போட்ட படத்தில் சிவகாசி மேல் மட்டும் ரத்தச் சிவப்பாக ஒரு பொட்டு. சிவப்பு என்றால் கீழே ஓசோன் அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம். அதை அறிக்கையின் அட்டையிலேயே போடலாம் என்றார் என் மேலதிகாரி, தலைப்பிள்ளை பிறந்ததுபோன்ற சந்தோஷத்தில். அந்தப் படம் வெளியே போனால் ஊரே என்னைத்தான் ஏசும். அக்கா வீட்டில் சோறு கிடைக்காது.

"செயற்கைக்கோள் என்ன சொல்லுது சார்?"

"அங்க அது தப்பா அளந்திருக்குப்பா. ப்ரோக்ராமே தள்ளிடுச்சு."

எங்கள் ப்ரோக்ராமில் அப்படி ஒரு சட்டம் உண்டு. மாடலின் கணக்குக்கு ரொம்பவும் ஒத்துவராத அளவை, கோளாறு என்று ஒதுக்கிவிடும். மாமியார் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாத வீடு. ஒதுக்கிய அளவுகளை எடுத்துப் பார்த்தேன். சிவகாசி மேல் வழக்கத்தைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சென்னை மேல் மாடல் அமைதி என்றது, செயற்கைக்கோள் ஏகத்துக்கும் கண்டிருந்தது. அதையும் ப்ரோக்ராம் தள்ளிவைத்திருந்தது.

பிறகுதான் எந்த ஊரில் எவ்வளவு புகை என்று மாடலுக்கு நாங்கள் கொடுக்கும் புகைக் கணக்கைத் திறந்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், பட்டாசு எங்கே தயாராகிறதோ அங்கேயே வெடிப்பதாகக் கணக்கு எழுதியிருந்தார். நாடு முழுக்கக் கொளுத்தியதை மனிதர் எங்கள் தாலுகாவிலேயே கொளுத்தித் தீர்த்துவிட்டார்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "சொந்த ஊர்னு பரிஞ்சு பேசுறியாப்பா?" என்றார்.

"செயற்கைக்கோளுக்கு எங்க ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்ல சார். ஆலங்குளத்துல சிமெண்ட் செய்றாங்க. அதுக்காக ஊரு உலகத்து வீடெல்லாம் ஆலங்குளத்துலயா நிக்குது?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மாடலை மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பட்டாசை வாங்கிய ஊர்களுக்கே அதன் புகையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஓட்டினேன். தள்ளிவைத்த அளவுகள் பெரும்பாலும் மாடலோடு ஒத்துப்போயின. சிவகாசிப் பொட்டு அழிந்தது. சென்னை சிவந்தது. அவர் குடியிருக்கும் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே சிவந்தது. வருஷா வருஷம் என் மூலமாகக் கம்பெனி விலையில் இரண்டு பெட்டி பட்டாசு வாங்கும் மனிதர், படத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"அட்டைக்கு ஏதாவது மேகப் படம் போட்டுக்கலாம்ப்பா" என்றார்.

ஊரையே காப்பாற்றிவிட்ட மிதப்பில் அக்காவுக்குப் போன் போட்டேன். சிவப்புப் பொட்டைப் பற்றி அவளிடம் முன்பே புலம்பியிருந்தேன். இருக்கன்குடி அம்மன் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

"நம்ம ஊரு மேல இருந்த செவப்பு போயிருச்சுக்கா."

"நல்லாயிருப்பலே. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. ஆமா, அது எங்கன போச்சு?"

"சென்னை, மதுரை, இன்னும் வடக்க உள்ள ஊருக்கெல்லாம் பிரிஞ்சு போயிருச்சு."

"ஏலே, அம்புட்டும் நம்ம சரக்குதானலே" என்றாள்.

என் மிதப்பெல்லாம் இறங்கிவிட்டது.

"சரி, ஒங்க சாருக்கு அடுத்த தீவாளிக்கும் ரெண்டு பெட்டிதான?"

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்டேன். மூன்று என்றார்.