தம்பிக்கு மாலை

பின்லாந்துக்காரர் ஒருவர் சினிமாப் படமெடுக்க ரொறன்ரோவில் எங்கள் மோர்னிங்சைட் வீட்டைக் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் அம்மா ஓம் என்றுவிட்டார். எனக்கோ எரிச்சல். அம்மா வரவேற்பறைச் சுவரில் படமாக இருந்த தம்பியைக் காட்டினார். இலங்கையில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன்.

"உவர் எடுக்கிற படத்தை எல்லா நாட்டிலையும் பாப்பினமாம். ஆராவது இவனை அடையாளம் காணுவினம்."

அதன் பிறகு மறுக்க மனம் வரவில்லை.

இயக்குநர் எழுபது தாண்டிய மனிதர். ரயில் ஓட்டுநரின் மகன். ஊர்த் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டி, படப்பிடிப்புகளில் லைற் தூக்கி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் முதல் படம் எடுத்தாராம். அவருடைய படங்களில் பேச்சுக் குறைவு, அவரும் அப்படித்தான். எந்தக் காட்சியையும் இரண்டாம் முறை எடுக்கமாட்டார். நடந்தது நடந்தபடியே படத்தில் இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

படப்பிடிப்பன்று அம்மா கமராவுக்கு முன்னால் தேத்தண்ணீர்த் தட்டோடு நடந்து வரவேண்டும். வந்தவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். தம்பியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே சின்ன மின்விளக்கு வேறு. வேறு தமிழ் வீடுகளில் பார்த்து, அழகுக்காக இயக்குநருடைய ஆட்கள் செய்த வேலை. யார் சொல்லியும் அவனுக்குத் திவசம் செய்யச் சம்மதிக்காதவர் அம்மா.

தட்டு விழுந்து நொறுங்கியது. "உதைக் கழட்டுங்கோ! என்ரை பிள்ளை செத்தவனெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

கமரா ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் படத்தில் வந்துவிடுமே என்று பதறி, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவரின் முகம் வெளிறியது. கமராவை நிறுத்தி, எடுத்ததை அழிக்கச் சொன்னார். மாலையைத் தன் கையாலேயே கழற்றினார். மறுநாள் எங்களைப் பிக்கரிங்கில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவின் இடத்தில் ஒரு நடிகையை வைத்து அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தார். தன் பிடிவாதத்தையே விட்டுக்கொடுத்த நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

படம் ரொறன்ரோவில் திரையிடப்பட்டபோது அம்மா பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு வந்தார். எங்கள் வரவேற்பறை திரை முழுக்க விரிந்தது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. தம்பி இல்லை. அம்மாவை இனியும் நோகடிக்கக் கூடாதென்று கிழவர் அந்தக் காட்சிக்குத் தம்பியின் படத்தையே சுவரிலிருந்து அகற்றியிருக்கிறார்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"மாலையைத்தானே கழட்டச் சொன்னனான். பிள்ளையை ஏன் கழட்டினவர்?"